கிளிஞ்சல் வெள்ளை

வாளியின் அடியில் கொஞ்சம் தண்ணீர். அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடியைத் தூவித் தூவிக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாள் அண்ணன் மகள். கட்டி தட்டாமல் கரைந்து மோர்ப் பதத்துக்கு வந்தபோது அதிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை கிளம்பியது. சித்திரை வெயில் கொல்லையில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கோ அந்த வாடை பட்டதும் மார்கழிக் கடைசி வந்துவிட்டது.

மார்கழி பாதி போனதும், காரைக்கால் கடற்கரையில் இருக்கும் எங்கள் மண்டபத்தூருக்குச் சுட்ட கிளிஞ்சலைத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து விற்பார்கள். அப்பாயி மரக்கால் கணக்கில் வாங்கி, கொல்லையில் வாயகன்ற தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிய சற்று நேரத்தில் தொட்டி தானாகக் கொதிக்கத் தொடங்கும். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, ஆனால் ஆவி பறக்கும். "கிட்டக்க வராதே, கண்ணு போயிடும்" என்று அப்பாயி விரட்டுவார். நாங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாய் பிளந்து பார்ப்போம். கொதி அடங்கியதும் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் வடிகஞ்சியும் ஒரு சிட்டிகை நீலப்பொடியும் சேர்ப்பார். கஞ்சி, சுவரில் பிடித்து நிற்பதற்கு. நீலம், வெள்ளை பளிச்சென்று தெரிவதற்கு. கடற்கரைத் தாழம்புதரிலிருந்து வெட்டி வந்த விழுதின் நுனியைக் கல்லில் வைத்து நசுக்கினால் நார் பிரிந்து தூரிகை ஆகிவிடும். அதைக்கொண்டு வீடு முழுக்க வெள்ளை அடிப்போம். காயும்வரை சுவர் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கண் கூசும்.

வெள்ளை அடிக்கிற அன்று வீட்டுச் சாமான் அத்தனையும் முற்றத்துக்கு வரும். அப்படி வருகிறவற்றில் எங்களுக்கு மிகவும் பெருமை தந்தவை நான்கு நாற்காலிகள்.

மீனவக் குப்பத்தில் ஒரு வீட்டில் நான்கு மர நாற்காலி என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. தாத்தா கருவாட்டு வியாபாரம் செய்தவர். காரைக்கால் டவுனில் பல வீடுகளில் அவருக்குப் பழக்கம் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் காரைக்கால் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், அது சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம். அப்படித் தேர்ந்துகொண்டு கப்பலேறிய குடும்பம் ஒன்று சாமான்களை விற்றபோது தாத்தா இந்த நாற்காலிகளை வாங்கினாராம். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, கோட்டுச்சேரி வழியாக ஏற்றி வந்த கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஊர் எல்லையில் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தார்களாம்.

தேக்கு மரம். சற்றே பின்னால் சாய்ந்த முதுகு. உட்காரும் இடம் பிரம்புப் பின்னல். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளையிட்டு, பிரம்பு இழையை நேராகவும் குறுக்காகவும் கோணத்திலும் இழுத்துக் கண் கண்ணாகப் பின்னியிருப்பார்கள். வெயிலில் போட்டால் அந்தக் கண்களின் நிழல் தரையில் விழும். காற்று புகும், வியர்க்காது. பிரம்புப் பின்னல் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கலை. பதினேழாம் நூற்றாண்டில் கப்பல் வணிகம் அதை அங்கே கொண்டு சேர்த்தது. நாற்காலியும் அப்படித்தான் போயிருக்கிறது. சோழமண்டலக் கரையில் அதே நூற்றாண்டில் கருங்காலி மரத்தில் குள்ளமான, நிறையச் செதுக்கல் வேலை கொண்ட நாற்காலிகளை நம் தச்சர்கள் செய்தார்கள். அவை இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். அவை ட்யூடர் மன்னர்கள் காலத்து இங்கிலாந்து நாற்காலிகள் என்று அவர் உறுதியாக நம்பினார். நம் கரையின் உளி வேலையைத் தன் முன்னோரின் வேலை என்றே ஒரு தேசம் கொண்டாடியிருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து பழைய நாற்காலி எதைப் பார்த்தாலும் அதைச் செய்த கையை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

நான்கு நாற்காலி இருந்தும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. தாத்தா உட்காருவார். பஞ்சாயத்தார் வந்தால் உட்காருவார்கள். காரைக்காலிலிருந்து டாக்டரோ வாத்தியாரோ வந்தால் துண்டால் தட்டிப் போடுவோம். அப்பா, தாத்தா முன்னால் நின்றுதான் பேசுவார். அப்பாயியோ அம்மாவோ அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மீன் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு காத தூரம் நடந்துவிட்டு வந்தாலும் அப்பாயி திண்ணை ஓரத்தில் முந்தானையை விரித்துத்தான் உட்காருவார். ஆள் இல்லாத மத்தியானத்தில் நான் மட்டும் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பேன். தாத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் இறங்கிவிடுவேன்.

கல்யாணம், சடங்கு, துக்கம் எதுவானாலும் நாற்காலிகள் ஊருக்குள் நடக்கத் தொடங்கும். வாடகைக்கு நாற்காலி கிடைக்காத காலம். வீடு வீடாகக் கேட்டு வாங்கி வந்துதான் பந்தலில் போட வேண்டும். மாசி மகத்தன்று திருவேட்டக்குடி சுவாமி தீர்த்தவாரிக்கு எங்கள் கடற்கரைக்கு எழுந்தருளுவார். அன்று அசலூர் உறவெல்லாம் வந்து இறங்கும். எந்த நாற்காலி எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு வீட்டாரும் பலகைக்கும் நாற்காலிக்கும் அண்டாவுக்கும் அடையாளம் வைப்பார்கள். எங்கள் நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தால் முன்சட்டத்தின் உள்பக்கம் வெள்ளை எனாமலில் 'சி.கா.' என்று இருக்கும். தாத்தாவின் தகப்பனார் பெயர் எழுத்து, தாத்தாவின் பெயர் எழுத்து. படகில் பெயர் எழுதுகிறவரிடமே கொடுத்து எழுதியது. அதனால் எழுத்தின் வால் படகு எழுத்தைப் போலவே சுழித்துக்கொண்டு நிற்கும்.

படகுக்கும் நாற்காலிக்கும் வேறு உறவும் இருந்தது. கடலுக்குப் போகாத நாட்களில் படகைக் கரையேற்றிச் சிப்பி சுரண்டி எனாமல் அடிப்பார்கள். டப்பாவின் அடியில் மீந்ததை வீணாக்க அப்பாவுக்கு மனசு வராது. நாற்காலிக்கு அடித்துவிடுவார். ஓர் ஆண்டு பச்சை, ஓர் ஆண்டு நீலம், இன்னோர் ஆண்டு செங்காவி. பிரம்பு இற்றுப்போன காலத்தில் பின்னுகிற ஆள் கிடைக்காமல் பிளாஸ்டிக் ஒயர் பின்னினோம். ஒரு நாற்காலியின் பின்கால் முறிந்தபோது ஊர் ஆசாரி பூவரச மரத்தில் கால் செய்து, வச்சிரம் காய்ச்சி ஊற்றிப் பொருத்திக் கொடுத்தார். தேக்கோடு பூவரசு ஒட்டி நின்றது. எனாமல் இரண்டையும் ஒன்றாக்கியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியைப் பற்றி எங்கள் கரையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி மாநிலத்தில் கடல் அதிகம் பேரைக் கொண்டுபோனது காரைக்கால் கரையில்தான். நான் அப்போது டவுனில் குடியிருந்தேன். அண்ணன் குடும்பம் மேற்கே ரோட்டைப் பார்த்து ஓடித் தப்பியது. வீட்டில் சுவர் மட்டும் நின்றது. மனிதர்களைத் தேடிய நாட்களில் சாமானைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசவும் கூடாது. பல நாள் கழித்துத்தான் ஒவ்வொன்றாக வந்தன. சவுக்குத் தோப்பில் ஒன்று, வயல் வரப்பில் ஒன்று, பக்கத்துக் குப்பத்தில் ஒன்று. கொண்டு வந்தவர்கள் நாற்காலியைக் கவிழ்த்து அந்த எழுத்தைக் காட்டி, "இது ஒங்க வூட்டுதுதானே?" என்று கேட்டார்கள். தங்கள் வீட்டில் ஒன்றுமே மிஞ்சாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அடுத்த வீட்டுப் பொருளை அடையாளம் பார்த்து அந்த வீட்டிலேயே சேர்க்கிற அந்தப் பழக்கத்தைக் கடலால் கொண்டுபோக முடியவில்லை. நான்காவது நாற்காலி வரவே இல்லை.

வந்த மூன்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்றார் ஆசாரி. கிணறெல்லாம் உப்பாகிவிட்ட நேரம் அது. மழைத் தண்ணீருக்குக் காத்திருந்து கழுவினோம். கழுவிக் காய வைத்தால் சில நாளில் மரத்தின் இணைப்புகளில் வெள்ளையாக உப்பு பூக்கும். துடைப்போம், மறுபடி பூக்கும். மரம் குடித்த கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விட்டது. அதற்குள் புது வீடு வந்தது, பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம், ஒரு விரலில் தூக்கலாம், மழையில் கிடக்கலாம். சடங்கு வீடுகளுக்கு வாடகைக்கடை வண்டியிலேயே வந்து இறங்கும். யார் வீட்டிலும் போய் நாற்காலி கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. மர நாற்காலிகள் பரணுக்குப் போயின.

இத்தனை ஆண்டு கழித்து அவற்றைக் கீழே இறக்கியவள் அண்ணன் மகள். புதுச்சேரியில் வேலை. அங்கே பழைய பிரெஞ்சு வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்களே, அந்த வீடுகளில் பழைய நாற்காலிகளுக்கு மங்கலான நீலமும் சாம்பலும் அடித்துப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள். "அத்தை, நம்ம வூட்டு நாக்காலியை வுட அது ஒண்ணும் ஒசத்தி இல்ல. இதையும் அப்புடி ஆக்கிடலாம், பாருங்க" என்றாள். அவள் சொன்னது சாக் பெயிண்ட். 1990ல் ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி உருவாக்கியது. பழைய மரச் சாமானை முழுக்கச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து அவதிப்படாமல், நேரடியாக அதன்மேல் அடிக்கக்கூடிய பெயிண்ட் வேண்டும் என்று அவர் தேடியதில் பிறந்தது. பளபளப்பு இருக்காது. தொட்டால் சுவரைத் தொட்டதுபோல மெத்தென்று, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும்.

வெளிநாட்டு டப்பா விலை அதிகம். வீட்டிலேயே கலக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்துகொண்டு, காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் சாதாரண எமல்ஷன் பெயிண்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் வாங்கி வந்தோம். ஒரு பங்கு பொடி, ஒரு பங்கு தண்ணீர். அது நன்றாகக் கரைந்த பிறகு மூன்று பங்கு பெயிண்ட். பொடியை நேரே பெயிண்டில் போட்டால் கட்டி தட்டிவிடும். சீக்கிரம் இறுகுகிற சரக்கு என்பதால் ஒரு நாற்காலிக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்க வேண்டும். இறுகுகிற தொல்லை வேண்டாம் என்பவர்கள் கால்சியம் கார்பனேட் பொடியைச் சேர்க்கிறார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டதும்தான் எனக்கு அப்பாயியின் தொட்டி முழுதாக விளங்கியது. நான் அறிவியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியை. கிளிஞ்சல் என்பதே கால்சியம் கார்பனேட். சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு ஆகிறது. தண்ணீர் பட்டுக் கொதித்து நீர்த்த சுண்ணாம்பு ஆகிறது. சுவரில் அடித்த பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே உறைகிறது. மறுநாள் காலையில் கண் கூசியதற்கு, ஈரம் காய்ந்ததோடு அதுவும் ஒரு காரணம். சாக் என்று உலகம் சொல்கிற வெள்ளைப் பாறையும் ஆதிக் கடலின் நுண்ணுயிர்கள் விட்டுப்போன ஓடுகள்தான். ஆக, அப்பாயி கஞ்சி கலந்து சுவருக்கு அடித்ததற்கும், கால்சியம் கார்பனேட் பொடியை எமல்ஷனில் கலந்து நாற்காலிக்கு அடிப்பதற்கும் மூலப்பொருள் ஒன்றே. கஞ்சி செய்த வேலையை இப்போது எமல்ஷனில் உள்ள அக்ரிலிக் செய்கிறது. இதைச் சொன்னதும் அவள் நீலத்தை எடுத்து வைத்துவிட்டு, "அப்போ நம்ம சொவரு கலரே அடிப்போம் அத்தை" என்றாள். வெள்ளையில் ஒரு துளி நீலம்.

மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. துறைமுகத்தில் எல்லாப் படகிலும் பழுது பார்ப்பும் பெயிண்ட் வேலையும் நடக்கும். அண்ணனும் வீட்டில் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் படகுக்கு எனாமல் அடித்த கை. நாற்காலியை வாங்கித் தட்டிப் பார்த்து, ஆடுகிற இணைப்புகளைப் பிரித்துப் பசை வைத்துக் கயிற்றால் முறுக்கிக் கட்டினார். ஒயர் பின்னலை வெட்டி எடுத்தோம். சோப்புத் தண்ணீரில் கழுவி, இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். பிறகு உப்புத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016ல்தான், நடைமுறைக்கு வந்தது 2017ல். அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி பறக்கவிடுவது ஆபத்து, குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து. அதனால் தண்ணீர்த் தாளால் ஈரமாகவே தேய்த்தோம். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டோம். வழித்த சேற்றைத் தரையில் விடாமல் காகிதத்தில் வாரிக் கட்டினோம். சாக் பெயிண்டுக்கு மேல்பூச்சின் வழவழப்பு போனால் போதும், மரம்வரை சுரண்ட வேண்டாம் என்பது இதனாலும் ஒரு பெரிய வசதி.

கைப்பிடியின் முனையில்தான் தேய்மானம் அதிகம். அங்கே தாளை ஓட்டியபோது செங்காவியின் கீழ் நீலம் தெரிந்தது, நீலத்தின் கீழ் பச்சை, அதற்கும் கீழே பழைய பாலிஷின் தேன் நிறம். மரத்தை அறுத்தால் தெரிகிற ஆண்டு வளையங்களைப் போல ஒரு விரல் அகலத்தில் அத்தனை நிறமும் வட்ட வட்டமாக நின்றன. அண்ணன் கிட்டே குனிந்து பார்த்தார். "பச்சை, அப்பா மொத மொத வாங்குன போட்டு. நீலம், ஒன் கல்யாணத்தப்ப அடிச்சது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு நினைவில்லாத வருடங்கள்கூட அவருக்குப் பெயிண்டாக நினைவிருந்தன.

பூவரசக் காலிலும் பழைய பாலிஷ் இருந்த இடங்களிலும் முதல் கை அடித்ததும் மஞ்சளாகக் கறை ஊறி மேலே வந்தது. பழைய மரச் சாறும் பாலிஷும் தண்ணீர்ப் பெயிண்டில் கரைந்து எழும்பும். அதற்கு அரக்குதான் மருந்து. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை அந்த இடத்தில் மட்டும் தடவிக் காயவிட்டு அடித்தால் கறை அடங்கிவிடும். இரண்டு கை அடித்தோம். "எனாமல்னா ஒரு நாளு காயணும். இது பேசிக்கிட்டிருக்கும்போதே காயுதே" என்று அண்ணன் வியந்தார். கடைசியில் நைஸ் தாளால் லேசாக ஒரு தடவு. முதுகுக்கும் காலுக்கும் தேன்மெழுகு. உட்காரும் சட்டத்துக்கும் கைப்பிடிக்கும் மட்டும் தண்ணீர் வார்னிஷ் அடித்தோம். எங்கள் கரையின் அக்கினி நட்சத்திர வெயிலில், அழுத்தம் படுகிற அந்த இடங்களில் மெழுகு இளகிப் பிசுபிசுக்கும். பூச்சு வேலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவும் கூடாது.

மூன்றில் இரண்டுக்குத்தான் பெயிண்ட். ஒட்டுப்போடாத, எனாமல் உதிர்ந்த இடங்களில் ரேகை நன்றாகத் தெரிந்த மூன்றாவதற்கு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். நல்ல தேக்கை மூடக் கூடாது. அதை மட்டும் ஈரமாகவே மரம்வரை தேய்த்து, அரக்குப் பாலிஷ் போட்டோம். எந்தப் பூச்சு என்பதை மரம்தான் சொல்ல வேண்டும், பார்த்த படம் சொல்லக் கூடாது. அடிச்சட்டத்து எழுத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அண்ணன் மகள் அதைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டிவிட்டுத்தான் பிரஷ்ஷையே எடுத்தாள்.

பிரம்பு பின்ன ஆள் தேடிப் பிடித்துவிட்டோம். பின்னி வந்த அன்று அண்ணி சமையல் முடித்துக் கை துடைத்துக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்தார். எதிரே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நம் வழக்கங்களில் போக வேண்டியது எது, இருக்க வேண்டியது எது என்று அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. பெண் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது போகட்டும், போய்விட்டது. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுச் சாமானை வெளியே எடுத்து, பழுது பார்த்து, பூசி, மறுபடி உள்ளே வைக்கிற வழக்கம் போயிருக்கக் கூடாது.

போகி அன்று இப்போது தெருவில் பிளாஸ்டிக்கும் ரெக்சினும் கால் உடைந்த நாற்காலியும் சேர்ந்து எரிகின்றன. அப்பாயி போகிக்கு எரித்தது இற்ற பாயும் தேய்ந்த துடைப்பமும்தான். மற்ற எல்லாவற்றையும் அதற்கு முந்தைய வாரமே வெள்ளை அடித்தும் வர்ணம் அடித்தும் காப்பாற்றியிருப்பார். பழுது பார்ப்பதுதான் அந்தப் பண்டிகையின் பெரும்பகுதி வேலை, எரிப்பது கடைசியில் வருகிற சின்ன வேலை. பக்கத்து வீட்டுக்காரர் தம் அப்பாவின் சாய்வு நாற்காலியை எங்கள் கொல்லையில் கொண்டு வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். துணி கிழிந்திருக்கிறது, மரம் கெட்டியாக இருக்கிறது. மரம் கெட்டியாக இருக்கும் எந்த நாற்காலிக்கும் அரை லிட்டர் பெயிண்டும் ஒரு கிண்ணம் வெள்ளைப் பொடியும் இரண்டு நாள் வெயிலும் போதும். உங்கள் பரணிலும் ஒன்று இருக்கும். தை பிறப்பதற்குள் அதைக் கீழே இறக்குங்கள்.